காய்ச்சல் நாளின் கூலியை யார் தருவது? – மதுரை மில் முதல் மாசி வீதி வரை

தமிழ்நாட்டில் ஒரு கடையில் வேலை செய்பவருக்கு உடம்பு சரியில்லை என்றால், ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு எடுக்கும் உரிமை உண்டு. இது ஏதோ நேற்று வந்த சட்டம் அல்ல. 1947 ஆம் ஆண்டின் சென்னை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே, 25 ஆவது பிரிவில் எழுதப்பட்டது. நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டு!

ஆனால் மதுரையில் விளக்குத்தூண் பக்கமோ மாசி வீதிகளிலோ ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஓட்டல் எதிலாவது நுழைந்து "உங்களுக்கு மெடிக்கல் லீவு உண்டா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பல இடங்களில் "லீவு போட்டால் சம்பளம் கட்" என்பதுதான் நடைமுறை. சட்டம் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம்.

இந்த இடைவெளிக்கு முதலாளியின் கல்மனசும் தொழிலாளியின் அறியாமையும்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. வேலைக்கு வராத அந்த நாளின் கூலியை யார் பையிலிருந்து எடுப்பது? தொழிலாளியின் பையா, ஒற்றை முதலாளியின் பையா, எல்லோரும் சேர்ந்து போட்ட பொது உண்டியலா? நூறாண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதம் இது. இதில் மதுரைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

ஹார்வி மில் காலம்

தென் தமிழகத்தில் பஞ்சாலைத் தொழிலைப் பெரிய அளவில் கொண்டு வந்தவர்கள் ஹார்வி சகோதரர்கள். பாபநாசம், தூத்துக்குடி, மதுரை என்று மூன்று ஊர்களில் அவர்களது ஆலைகள் எழுந்தன. மதுரா மில்ஸ் கம்பெனி 1889 இல் தொடங்கப்பட்டு, 1892 இல் மதுரை ரயில் நிலையத்தின் அருகே ஆலை ஓட ஆரம்பித்தது. மதுரைக்காரர்கள் அதை "ஹார்வி மில்" என்றே அழைத்தார்கள்.

அதுவரை சுற்றுப்புற கிராமங்களில் மழையையும் அறுவடையையும் பார்த்து வேலை செய்தவர்கள், இப்போது சங்கு ஊதும் சத்தத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. வயல் வேலையில் காய்ச்சல் வந்தால் வீட்டில் வேறொருவர் போய்ச் செய்வார். மில்லில் அப்படி முடியாது. மஸ்டர் ரோலில் பெயர் இருப்பவர் வர வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. தொடர்ந்து சில நாள் வராவிட்டால் வேலையே இல்லை. பஞ்சுத் தூசியிலும் புழுக்கத்திலும் நாள் முழுக்க நிற்பவருக்கு இருமலும் காய்ச்சலும் அபூர்வமா என்ன?

நோய் என்பது இப்படித்தான் கடனாக மாறியது. நான்கு நாள் படுத்தால் நான்கு நாள் கூலி போச்சு. மருந்துக்கும் அரிசிக்கும் வட்டிக்காரரிடம் போக வேண்டும். அந்த வட்டியைக் கட்ட உடம்பு தேறுவதற்கு முன்பே மில்லுக்குத் திரும்ப வேண்டும்.

தூத்துக்குடியில் கேட்ட "விடுமுறை"

இதே ஹார்வி குழுமத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வேலை நிறுத்தம் தொடங்கியது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களுக்குத் துணை நின்றார்கள். வ.உ.சி. என்றால் கப்பல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. வார விடுமுறையும் மற்ற விடுப்பு வசதிகளும் அதில் இருந்தன. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள்.

பத்தாண்டு கழித்து அலை மதுரைக்கு வந்தது. 1918 இல் சென்னையில் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான அதே ஆண்டில், மதுரையில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டினார்கள். கள்ளர் சமூக மக்கள் "ரோசாப்பூ துரை" என்று அன்போடு அழைத்த அதே ஜார்ஜ் ஜோசப்தான். முதல் போராட்டங்களில் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கிடைத்தன. ஆனால் நிர்வாகமும் அரசும் கைகோர்த்ததில் அந்தச் சங்கம் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

இந்த இரண்டு போராட்டங்களிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்கள் ஓய்வைக் கேட்டார்கள், பெற்றார்கள். ஆனால் நோயாளியான நாளுக்குச் சம்பளம் என்பது இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மில்லை மூடினால் எல்லோருக்கும் ஒரே நாள், முதலாளிக்கும் கணக்குத் தெரியும். நோய் அப்படியா? யாருக்கு எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத செலவை ஏற்க எந்த முதலாளியும் முன்வரவில்லை.

ஜெர்மனியில் கிடைத்த விடை

தெரியாத செலவைத் தெரிந்த செலவாக மாற்றுவதற்குப் பெயர்தான் காப்பீடு. இதைத் தேசிய அளவில் முதலில் செய்து காட்டியது பிஸ்மார்க்கின் ஜெர்மனி. 1883 ஆம் ஆண்டின் நோய்க் காப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் நிதிக்குக் கட்டினார்கள். நோயின் மூன்றாவது நாளிலிருந்து பாதிக் கூலி, அதிகபட்சம் 13 வாரம். பிஸ்மார்க் தொழிலாளர் தோழர் ஒன்றும் இல்லை. சோஷலிஸ்டுகளின் பக்கம் தொழிலாளர்கள் சாயாமல் இருக்கவே இதைச் செய்தார். இருந்தாலும் வழி பிறந்துவிட்டது. பிரிட்டன் 1911 இல் தன் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1927 இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நோய்க் காப்பீட்டுக்கென்றே ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

1929 இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931 இல் அறிக்கை தந்தது. நோய்க் காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பிறகு? பன்னிரண்டு ஆண்டு அமைதி. இரண்டாம் உலகப் போர் நடுவே, 1943 மார்ச்சில்தான் பேராசிரியர் பி.பி.அடார்கர் என்பவரிடம் திட்டம் வகுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பிரிட்டனில் பெவரிட்ஜ் அறிக்கை வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதனால் அடார்கருக்குச் "சின்ன பெவரிட்ஜ்" என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. 1944 ஆகஸ்டில் அவர் தந்த அறிக்கை பஞ்சாலை, பொறியியல், கனிமம்-உலோகம் ஆகிய தொழில்களிலிருந்து தொடங்கலாம் என்றது.

இதற்கிடையே 1945 இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்து, ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. 1948 இல் வந்த புதிய தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஈட்டிய விடுப்பு என்று வகுத்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. நோயில் படுத்த நாட்கள் அந்த 240 கணக்கில் சேராது. நீண்ட நாள் நோயாளிக்குக் கூலியும் போகும், அடுத்த ஆண்டு விடுப்பும் போகும்!

ஆகவே ஆலைத் தொழிலாளிக்கு நோய் நாளின் கூலி வேறு சட்டத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதுதான் 1948 ஏப்ரலில் நிறைவேறிய தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம். சுருக்கமாக இ.எஸ்.ஐ.

கான்பூர் முதலாளிகளின் கேள்வி

சட்டம் வந்தது 1948 இல். திட்டம் தொடங்கியதோ 1952 பிப்ரவரி 24 இல், கான்பூரிலும் டெல்லியிலும் மட்டும். கான்பூரில் நேருவே தொடங்கி வைத்தார். நடுவில் நான்கு ஆண்டுகள் ஏன் போயின?

பல காரணங்களில் ஒன்று முதலாளிகள் எழுப்பிய கேள்வி. "எங்கள் ஊரில் மட்டும் இந்தச் சந்தாவைக் கட்டச் சொன்னால் எங்கள் துணியின் விலை ஏறும். கட்டாத ஊர் மில்காரர்கள் குறைந்த விலைக்கு விற்று எங்களை விழுங்கிவிடுவார்கள்" என்பதே அதன் சாரம். அதில் நியாயமும் இருந்தது. கான்பூர் மில்லும் மதுரை மில்லும் ஒரே இந்தியச் சந்தையில்தான் நூல் விற்றன.

1951 இல் சட்டத்தைத் திருத்தி அரசு ஒரு வழி கண்டது. திட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் முதலாளிகள் மொத்தக் கூலியில் 1.25 சதவீதமும், இன்னும் வராத ஊர்களில் 0.75 சதவீதமும் சிறப்புச் சந்தா கட்ட வேண்டும். அதாவது, மதுரையில் ஒரு தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்காத காலத்திலேயே மதுரை மில்கள் அந்த நிதிக்குப் பணம் கட்டின. கேட்பதற்கு அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் "பக்கத்து ஊர்க்காரன் கட்டவில்லையே" என்ற வாதத்தின் பல்லைப் பிடுங்கியது அதுதான்.

இதே வாதம் அரை நூற்றாண்டு கழித்துக் கடல் கடந்து மறுபடி ஒலித்தது. அமெரிக்காவில் தனியார் ஊழியர் எல்லோருக்கும் பொதுவான சம்பள நோய் விடுப்புச் சட்டம் மத்திய அளவில் கிடையாது. 2006 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்கள் தங்கள் ஊருக்கு மட்டும் அதை நிறைவேற்றினார்கள். 2007 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு என்பது கணக்கு. அங்கும் சிறு கடைக்காரர்கள் அதே பயத்தைச் சொன்னார்கள். அந்த நகரம் வேறு வழியில் சமாளித்தது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் 40 மணி நேரமும் மற்ற இடங்களில் 72 மணி நேரமும் என்று விடுப்பின் உச்சவரம்பைப் பிரித்தது. சிறிய கடைக்குச் சுமையைக் குறைத்தது, ஆனால் அங்கே வேலை செய்பவரை வெளியே தள்ளவில்லை. பிறகு பல அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் அந்த வழியில் நடந்தன.

இ.எஸ்.ஐ. எப்படி வேலை செய்கிறது?

தமிழகத்தில் இ.எஸ்.ஐ. முதலில் வந்த ஊர் பஞ்சாலை நகரமான கோயம்புத்தூர். ஆண்டு 1955. பின்னர் சென்னை, மதுரை என்று விரிந்தது. மதுரையில் தத்தனேரியில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இந்த வரலாற்றின் கண்ணுக்குத் தெரியும் அடையாளம்.

தொடக்கத்தில் மின்சக்தியில் ஓடும், 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில், மாதம் 400 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு மட்டும் இது பொருந்தியது. பின்னாளில் கடைகள், ஓட்டல்கள், திரையரங்குகளுக்கும் விரிந்தது. ஆள் வரம்பு 10 ஆனது. சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் முதலாளியின் சந்தா 3.25 சதவீதம், தொழிலாளியின் சந்தா 0.75 சதவீதம். அதற்கு முன் இவை 4.75, 1.75 என்று இருந்தன.

நோய் வந்தால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். 91 நாள் என்றால் சரியாக 13 வாரம். பிஸ்மார்க் போட்ட அதே எண்! காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் மேலும் நீளும். நோய்க்கால உதவி பெறும்போது ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948 சட்டத்தின் 73 ஆவது பிரிவு சொன்னது. ஹார்வி மில் காலத்து "நான்கு நாள் வரவில்லையா, வேறு ஆள் போடு" என்ற வழக்கத்துக்கு எதிராக எழுந்த சுவர் அது.

ஓட்டைகளும் இருந்தன. அந்தச் சட்டப்படி நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மருத்துவம் உடனே கிடைக்கும், ஆனால் நோய் நாள் பணத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். காய்ச்சலோடு டிஸ்பென்சரி வரிசையில் நிற்பதை நினைத்தே இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

கடைச் சட்டம் சொன்ன வேறு வழி

1947 கடைச் சட்டம் இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. நிதி இல்லை, சந்தா இல்லை, டிஸ்பென்சரி இல்லை. ஆண்டுக்கு 12 நாள் சம்பள விடுமுறை, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் கேஷுவல் லீவு. முதல் வகைக்கு மட்டும் ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். நோய் விடுப்பு முதல் ஆண்டிலேயே உண்டு, முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். 20 பேர், 10 பேர் என்ற வரம்பையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. ஒரே ஒரு பையன் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும்.

காகிதத்தில் பார்த்தால் இ.எஸ்.ஐ.யை விட இதுதான் தாராளம். அப்படியானால் ஏன் இது அதிகம் வெளியே தெரியாமல் போனது?

ஒரு சின்னக் கணக்கு

மாதம் 15,000 ரூபாய், அதாவது நாளுக்கு 500 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு ஊழியரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு ஐந்து நாள் காய்ச்சல்.

கடைச் சட்டப்படி: 5 x 500 = 2,500 ரூபாய்.

இ.எஸ்.ஐ. முறைப்படி: முதல் இரண்டு நாள் போக 3 x 350 = 1,050 ரூபாய். கூடவே இலவச மருத்துவம்.

இரண்டும் இல்லாதவருக்கு: பூஜ்யம். மருந்துச் செலவு தனி.

இப்போது முதலாளி பக்கம் பார்க்கலாம். ஊழியர் 12 நாளையும் எடுத்தால் கடைச் சட்டப்படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். இ.எஸ்.ஐ. சந்தா மாதம் 487 ரூபாய் 50 காசு, ஆண்டுக்கு 5,850 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஆனால் இ.எஸ்.ஐ.யில் அந்தப் பணத்துக்கு ஈடாக 91 நாள் பாதுகாப்பு, குடும்பத்துக்கு மருத்துவம், மகப்பேறு உதவி, வேலையில் அடிபட்டால் உதவி எல்லாம் அடக்கம். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

வித்தியாசம் தொகையில் இல்லை, அது வெளியே போகும் விதத்தில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. சந்தாவை ஊழியருக்கு நோய் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். அவர் லீவு எடுப்பதால் முதலாளிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை. ஆள் குறைவதால் வரும் சிரமம் மட்டும்தான். கடைச் சட்டத்திலோ ஊழியர் லீவு எடுக்கும் ஒவ்வொரு நாளும் முதலாளியின் கல்லாவிலிருந்து 500 ரூபாய் போகிறது. மூன்று பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் படுத்தால் மூன்றில் ஒரு பங்கு வேலையும் நின்றுபோகிறது. எனவே அந்த லீவைக் கொடுக்காமல் இருப்பதில் அவருக்கு ஒவ்வொரு முறையும் லாபம். கேட்பவரோ முதலாளியின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவர். தீபாவளி நெருக்கத்தில் "அண்ணாச்சி, மூணு நாள் மெடிக்கல் லீவு" என்று கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இரண்டையும் கலந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு தடை. சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் வாங்க முடியாது என்று 1948 சட்டத்தின் 63 ஆவது பிரிவு சொன்னது. முதல் இரண்டு நாளைக் கடைச் சட்டத்திலும் மூன்றாவது நாளிலிருந்து இ.எஸ்.ஐ.யிலும் வாங்கினால் தொழிலாளிக்குச் சேதமில்லை. ஆனால் இந்த இரண்டு சட்டங்களையும் இப்படிச் சேர்த்து வைத்து யார் அவருக்குச் சொல்லித் தருகிறார்கள்?

வரம்பின் விளிம்பில்

இ.எஸ்.ஐ. மட்டும் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்ல முடியாது. 10 பேர் என்று கோடு போட்டால் 9 பேரோடு நிற்கவோ, ஒரே கடையை இரண்டு பெயரில் நடத்தவோ ஆசை வரும். 21,000 ரூபாய் என்று கோடு போட்டால் சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் பாதுகாப்பு போய்விடும். விலைவாசி ஏறுகிறது, கோடு ஏறுவதில்லை.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்தான் மதுரையில் அதிகம். வீட்டில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள், தறி நெய்பவர்கள், மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குபவர்கள், மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நாற்று நடுபவர்கள்... இவர்களில் பலருக்கு முதலாளி யார் என்று விரல் நீட்டிச் சொல்வதே கடினம். செய்த வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். முதலாளி இல்லாத இடத்தில் முதலாளியைக் குறிவைத்து எழுதிய சட்டம் என்ன செய்யும்?

1982 இல் தமிழக அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதன் கீழ் நல வாரியங்கள் உருவாயின. விபத்து, கல்வி, திருமணம், ஓய்வூதியம் போன்ற உதவிகளை அவை தருகின்றன. 2009 இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதற்குப் பின் 2012 இல் வந்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளின் அறுவை சிகிச்சைச் செலவை ஏற்றன. பெரிய விஷயம்தான். ஆனால் மருத்துவச் செலவு வேறு, கூலி இழப்பு வேறு. ஆபரேஷன் இலவசமாக நடந்தாலும் அடுத்த ஒரு மாதம் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கொரோனா நடத்திய பாடம்

2020 இந்தக் கேள்வியை எல்லோர் வீட்டு வாசலிலும் கொண்டு வந்து வைத்தது. "காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருங்கள்" என்று அரசு சொன்னது. இருந்தால் சம்பளம்? ஊரடங்குக் காலத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் தர வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. சம்பளம் தரப் பணமில்லை என்று நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. மே 18 முதல் அந்த உத்தரவு இல்லாமல் போனது. முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12 அன்று நீதிமன்றம் வழி சொன்னது. அடுத்த சில நாட்களில், ஜூன் 24 முதல், மதுரை மாநகராட்சியிலும் சுற்றுப் பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு!

கவனித்துப் பார்த்தால் இது 1947 கடைச் சட்டம் சந்தித்த அதே முட்டுச்சந்து. சுமை முழுவதையும் தனித்தனி முதலாளியின் தோளில் வைத்தால், நல்ல காலத்தில் அவர் தர மறுப்பார், கெட்ட காலத்தில் அவரால் தரவே முடியாது. அதே கொரோனாவில் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தவர், முதலாளியின் கடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் நோய் நாளுக்கான பணத்தைக் கோர முடிந்தது.

2021 இல் தமிழகம் கடைச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. 2018 இல் கேரளம் காட்டிய வழி இது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கும் பெண்களுக்கு இது நோய் வருமுன் காக்கும் உரிமை. முதலாளிக்கு ஒரு ஸ்டூலின் விலை. செலவு சிறியதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருப்பதால் இதை யாரும் வந்து பார்த்துச் சரிசெய்ய முடியும். எடுக்காத நோய் விடுப்பை யார் வந்து பார்ப்பது?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948 இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, திட்டம் தொடர்கிறது. ஈட்டிய விடுப்புக்கு 240 நாள் என்றிருந்தது 180 நாளாகக் குறைந்தது. உணவு டெலிவரி செய்பவர்கள் முதல் முறையாகச் சட்டத்தில் பெயரோடு இடம் பெற்றார்கள். அவர்களை வைத்துத் தொழில் செய்யும் செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தர வேண்டும். அந்த நிதியிலிருந்து என்னென்ன தருவது என்பதைத் திட்டங்கள் வழியாக வகுக்க வேண்டும். மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்த டெலிவரி தம்பிக்கு அந்த நாளின் வருமானம் கிடைக்குமா என்பது அங்கேதான் முடிவாகும்.

முடிவாக

1908 இல் கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டது ஓய்வு. 1947 சட்டம் கொடுத்தது உரிமை. 1948 சட்டம் கொடுத்தது உண்டியல். இந்த மூன்றில் நோயாளியின் கைக்குப் பணத்தை உறுதியாகக் கொண்டு சேர்த்தது உண்டியல்தான், அதுவும் குறைகளோடு. முதலாளியும் தொழிலாளியும் அந்த 500 ரூபாய்க்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க வேண்டிய நிலையை அது மாற்றியது.

ஆகவே சட்டத்தில் இன்னும் எத்தனை நாள் சேர்ப்பது என்பதை விட, சிறு கடைக்காரரும் சுமக்கக்கூடிய விதத்தில் அந்தச் செலவை எப்படிப் பகிர்வது என்பதே இனி பேச வேண்டிய விஷயம். 10 பேருக்குக் குறைவான கடைகளுக்கும் சிறு சந்தாவில் ஒரு வழி, முதல் இரண்டு நாளுக்கும் கூலி, முதலாளியே இல்லாதவருக்கு நல வாரியம் மூலம் நோய் நாள் பணம் என்று யோசிக்க நிறைய இருக்கிறது. அதுவரை...

கடையில் வேலை பார்க்கும் அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால், 25 ஆவது பிரிவில் 12 நாள் இருக்கிறது என்பதையாவது அவர்கள் காதில் போட்டு வைப்பது நல்லது.